முக்காலில் நின்ற முள்

இப்போதெல்லாம் வண்டிகள் வாய் ஓயாமல் பேசுகின்றன. பெல்ட் போடு என்கிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை என்கிறது, பெட்ரோல் இன்னும் இவ்வளவு தூரத்துக்குத்தான் வரும் என்று மாமியார் மாதிரி நச்சரிக்கிறது. என் மகன் அந்தச் சத்தத்தை அணைத்து வைப்பான். நான் மறுபடி போடச் சொல்வேன். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பயம்?" என்று கேட்பான். நம் வயதுக்காரர்களான நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள். நாம் சிறுசாக இருந்த காலத்தில் கார் இருந்த வீடுகளே குறைச்சல். இருந்த கார்களில் பெட்ரோல் முள் ஒழுங்காக நின்றது அதைவிடக் குறைச்சல். இந்தக் கதையை உங்களிடம் சொன்னால்தான் புரியும் என்று எழுதுகிறேன்.

அப்பா சிங்காநல்லூரில் ஒரு மில்லில் எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன். மில் முதலாளி வீட்டில் ஓடி ஓய்ந்த ஒரு கறுப்பு வெளிநாட்டுக் காரை, அவர்கள் புதுசு வாங்கியபோது, இவர் ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டார். அப்போதே அது கிழடு. கதவைத் திறந்தால் பழைய தோலும் பெட்ரோலும் கலந்த ஒரு வாடை வரும். பின் சீட்டில் ஒரு கிழிசலில், உள்ளே அடைத்த குதிரைமயிர் நீட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்தால் தொடையில் குத்தும். "ஆனையைக் கட்டித் தீனி போடறதும் இதும் ஒண்ணுதானுங்க" என்று அம்மா சொல்வார். ஆனாலும் மருதமலைக்குப் போகிற அன்றைக்கு முதலில் ஏறி ஜன்னலோரம் உட்காருவது அம்மாதான்.

அந்தக் காருக்கு எல்லாமும் ஓரளவு வேலை செய்யும், பெட்ரோல் முள்ளைத் தவிர. டேங்க் நிறைய ஊற்றினாலும் அது பாதியைத் தாண்டி ஏறாது. பாதி டேங்குக்குக் காலி என்று படுத்துவிடும். அதனால் அப்பா ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். அதில் கத்தியால் கோடுகள் கீறியிருந்தார். மூடியைத் திறந்து, குச்சியை உள்ளே விட்டு, எடுத்து, ஈரம் எதுவரைக்கும் என்று பார்ப்பார். வெயில் காலத்தில் சீக்கிரம் பார்க்க வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் பெட்ரோல் ஆவியாகிப் போகும். அம்மாவும் அதைக் கற்றுக்கொண்டார். அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்க்கிற மாதிரி, சலனமே இல்லாமல் பார்த்துச் சொல்வார்: "ரெண்டாவது கோட்டுக்குக் கீழ இருக்குதுங்க."

அந்தக் குச்சி எங்களை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. முள்ளைச் சரிபண்ண வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியது அத்தையால்தான்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தாராபுரத்தில் கொடுத்திருந்தது. மாமாவுக்குத் தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமும். அத்தையின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அதன் பிறகு நெடுநாள் கழித்து அத்தை மறுபடி உண்டானபோது, மாமாவின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பொறந்த ஊடு இவளுக்கு ராசியில்லீங்க. இந்தத் தடவை இங்கயே இருக்கட்டும்." அப்பாவுக்கு அது செருப்படி. ஆனால் சம்பந்தி வீட்டில் எதிர்த்துப் பேச முடியுமா? தாராபுரத்து டாக்டரம்மாவோ, வலி எடுத்தால் தாமதிக்காமல் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அத்தை தாராபுரத்தில் இருப்பாள். எங்கள் கார் அவள் வாசலில் நிற்கும். வலி எடுத்ததும் மாமா ஓட்டிக்கொண்டு வருவார். அவருக்கு டிராக்டரும் ஜீப்பும் ஓட்டிப் பழக்கம்.

"கார் மட்டும் நடுவழியில நிக்கக்கூடாது" என்று அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனார். என் அரைப்பரீட்சை லீவு முழுவதும் அந்தக் காருக்கடியில்தான் அவருக்குக் குடித்தனம்.

பிரேக், டயர், பேட்டரி எல்லாம் ஆயிற்று. முள் மட்டும் பாக்கி. கோட்டைமேட்டில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரிடம் கொண்டுபோனார். நானும் பின் சீட்டில் இருந்தேன். பாய் முதலில் டேங்கிலிருந்து வருகிற கம்பியைக் கழற்றினார். முள் விறுவிறுவென்று நிறைவுக்கு ஏறியது. அதே கம்பியை வண்டியின் இரும்பில் தொட்டார். காலிக்கு விழுந்தது. "மீட்டர் நல்லாத்தானுங்க இருக்குது. கோளாறு டேங்குக்குள்ள" என்றார். பிறகு டேங்கை இறக்கி, உள்ளே மிதக்கிற பித்தளைக் குண்டை எடுத்தார். காதோரம் வைத்து ஆட்டி, என்னிடமும் ஆட்டிக் காட்டினார். உள்ளே பெட்ரோல் சலசலத்தது.

"மெதக்க வேண்டியது தண்ணி குடிச்சுட்டு முங்கிக் கெடக்குதுங்க. அப்புறம் எப்படி மேல வரும்?"

குண்டைச் சுடுதண்ணீரில் முக்கினார். ஓரிடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அங்கேதான் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. உள்ளே இருந்ததை முழுக்க வடித்துக் காயவைத்துப் பற்றவைத்தார். ஈயம் உருகிய புகையில் எனக்கு இருமல் வந்தது. கம்பியோடு சேர்த்துக் குண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டினார். உள்ளே முள் அதே மாதிரி ஏறி இறங்கியது. "இனி அந்தக் குச்சியைத் தூக்கி அடுப்புல போடுங்க ஃபோர்மேன்" என்று பாய் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டேங்க் இறங்கினது இறங்கினதாக, வீட்டுக்குக் கொண்டுவந்து துருவைச் சுரண்டி, கெட்டியாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். உள்ளும் புறமும் காயட்டும் என்று கொய்யா மரத்தடியில் இரண்டு செங்கல் மேல் வைத்தார். மாட்டுகிற நேரத்தில் இன்னொரு யோசனை வந்தது. அந்த டேங்க், அதைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் உரசி, குண்டு குழியில் விழும்போதெல்லாம் கடகடவென்று அடிக்கும். "புள்ளத்தாச்சி படுத்துட்டு வர்ற வண்டி. அவ முதுகுக்கடியில இந்தச் சத்தம் வேண்டாம்" என்றார். அம்மா பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் நீளநீளமாக வெட்டிக் கொடுத்தார். அதைப் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் வைத்து முறுக்கினார். வண்டி பூனை மாதிரி ஓடியது. பெட்ரோல் பங்கில் வழிய வழிய ஊற்றினார்கள். முள் நிறைவில் போய் நின்றது. நிறைந்த டேங்கை நிறைவு என்று காட்டுகிறது, அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? அம்மாவுக்குத் தோன்றவில்லை. தாராபுரம் போவதற்கு முன் வேண்டிக்கொள்ள மருதமலை போய்த் திரும்பினோம். வரும் வழியில் அம்மா முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, இத்தனை தூரம் வந்தும் முள்ளு நகரவே இல்லீங்களே?"

"கார்பரேட்டர் சரி பண்ணியிருக்குதல்ல புள்ளே. இப்ப நல்லா மைலேஜ் குடுக்குது."

காரைத் தாராபுரம் கொண்டுபோகிற அன்று காலையில், மறுபடி டேங்கை நிறைத்துக் கழுவித் துடைத்து, திருநீறும் குங்குமமும் வைத்து நிறுத்தியிருந்தது. அம்மா அந்த மூங்கில் குச்சியைத் துணியில் சுற்றி முன்சீட்டில் வைத்தார். அப்பா அதை எடுத்து வெளியே நீட்டினார்.

"இது எதுக்கு?"

"இருக்கட்டுமுங்க. மாப்பிள்ளை ஒருக்கா விட்டுப் பார்த்துக்குவாரு."

"உனக்கு அறிவிருக்குதா? மாப்பிள்ளை கையில காரையும் குடுத்து, பெட்ரோல் அளக்கற குச்சியையும் குடுத்தா அவிய என்ன நெனைப்பாங்க? அளந்து குடுத்திருக்கோம், அளந்து வாங்குவோம்னு நெனைக்க மாட்டாங்களா?"

"முள்ளு முன்னால தகராறா இருந்துச்சுன்னாவது ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"அதும் அதேதான். பெட்ரோல் போட்டுக்குங்கன்னு சாடையாச் சொல்ற மாதிரி இருக்கும்."

நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியாததா? சொந்தபந்தம் ஒறம்பரையாக வந்தால் 'எப்பப் போறீங்க' என்று கேட்க மாட்டோம். இலையில் 'போதுமா' என்று கேட்க மாட்டோம். மாப்பிள்ளையிடம் பெட்ரோல் என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். அம்மா குச்சியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சமையலறை நிலைக்கு மேல் செருகினார். அப்பா கார்ச் சாவியைத் தாம்பூலத்தட்டில் வைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வந்தார். "டெய்லி காத்தால கொஞ்ச நேரம் ஓட விடுங்க, பேட்டரி எறங்காம இருக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமா பயபக்தியாக அப்படியே செய்தார். இடையில் உடுமலைக்கு ஒரு மருந்துக்கும், பழனிக்கு அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டும் போய் வந்திருக்கிறார்.

சித்திரை வெயிலில் ஒரு காலை, மில் ஆபீசுக்கு டிரங்க் கால் வந்தது. கிளம்பிவிட்டார்கள் என்று. அப்பா நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மாவும் நானும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பழைய வேட்டித் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப் பக்கம் ரோட்டோரம் நின்றோம். கார் வந்ததும் ஏறிக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. குழந்தை வரப்போகிறது, லீவில் கிளாஸ் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். பஞ்சு லாரிகள் போயின. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. மத்தியானச் சங்கு ஊதியது. கறுப்பாக எது வந்தாலும் நான் குதித்தேன். அம்மா முதலில் குதிக்காதே என்றார், அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் கார் வந்தது. சத்தமே இல்லாமல்தான் வந்தது, அப்பா செய்துவைத்த மாதிரியே. மாமாவின் சட்டையெல்லாம் பெட்ரோல் வாடை. பின் சீட்டில் மாமாவின் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்க்கவிடாமல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அத்தையின் ஒரு கை மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அந்தக் குதிரைமயிர்க் கிழிசலைப் பிடித்திருந்தது. "நீ ஊட்டுக்குப் போ கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா ஏறிக்கொண்டார். ஃபிளாஸ்க் ரோட்டிலேயே நின்றது. நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஆண் குழந்தை. மூச்சில்லாமல்தான் எடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். இனிமேல் அத்தைக்குக் குழந்தை வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்பதை மட்டும் முழுசாகச் சொன்னார்.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பினாயில் நெடியடிக்கிற அந்த வராந்தாவில் அப்பாவும் மாமாவும் நின்றார்கள். அத்தையின் கட்டில் கதவை ஒட்டி உள்ளேயே இருந்தது. பல்லடம் தாண்டி வெட்டவெளியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றதும், ஒரு லாரிக்காரர் கேனில் வாங்கிவந்து கொடுத்ததும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா கேட்டார்:

"மாப்பிள்ளை, பெட்ரோல் இருக்குதான்னு முள்ளக்கூடப் பார்க்கலீங்களா?"

மாமா வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "பார்க்கலீங்க மச்சான்."

உள்ளே அத்தை அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை சாமானியத்தில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து மாமா கஞ்சன். டேங்கில் நாலு சொட்டு பெட்ரோல் போட மனசு வராமல் பிள்ளையைத் தின்றவர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டோம், நமக்குத்தான் மரியாதை தெரியுமே! கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் உட்கார்ந்தால் அடுத்த இலை கொஞ்ச நேரம் காலியாக இருக்கும். அத்தை அதே வீட்டில் அவருக்குச் சமைத்துப் போட்டாள். ஆனால் நேராகப் பேசியதில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்குது" என்று தூணிடம் சொல்வாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் தனியாகப் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வருவாள். அப்பா வாசலில் காத்திருப்பார். சீர் செய்து, பஸ் வரை கூடப்போய் ஏற்றிவிடுவார். அண்ணனும் தங்கையும் கடைசிவரைக்கும் ஓர் உயிராக இருந்தார்கள்.

கார் தாராபுரத்திலேயே நின்றுவிட்டது. அப்பா கேட்கவில்லை, மாமா அனுப்பவில்லை. தேங்காய் மட்டை போடுகிற கொட்டகையில் ஒரு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. வயதாக வயதாக மாமாவுக்கு ஒரு வினோதப் பழக்கம் வந்தது. யார் அந்த வீட்டிலிருந்து வண்டியில் கிளம்பினாலும் பின்னாலேயே வந்து, "பெட்ரோல் இருக்குதுங்களா? பல்லடத்துல போட்டுக்குங்க" என்பார். "பட்டும் புத்தி வந்துச்சு பாரு" என்று எங்கள் சொந்தத்தில் சிரிப்பார்கள்.

அப்பா போனார். அம்மா போனார். வீட்டை இடித்துக் கட்டியபோது நிலைக்கு மேலிருந்த குச்சியும் போன இடம் தெரியவில்லை. போன ஐப்பசியில் அத்தையும் போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து மாமா எனக்குப் போன் செய்தார். "உங்கப்பாவோட கார் அம்மணி. நானும் போயிட்டா எடைக்குப் போட்டுருவாங்க. வந்து என்னான்னு பாரு."

என் மகன் பீளமேட்டில் இன்ஜினியரிங் படித்தவன், பழைய வண்டி என்றால் பைத்தியம். ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தார்ப்பாயை விலக்கினால் டயரெல்லாம் மண்ணோடு மண். கதவைத் திறந்தேன். தோல் வாடை போய் எலி வாடை வந்தது. அவன் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. பெட்ரோல் முள் மட்டும் லேசாக நடுங்கி, எழுந்து, முக்காலில் போய் நின்றது.

"இதப்பாருங்கம்மா!" என்று சிரித்தான். "டேங்க் காஞ்சு கெடக்குது, இது முக்கால்னு சொல்லுது." காருக்கடியில் டார்ச்சோடு புகுந்தவன் அங்கிருந்தே கத்தினான்: "யாரோ டேங்கைச் சுத்தி ரப்பர் வெச்சுக் கட்டியிருக்காங்க. மேல ஒரு இஞ்ச் கனத்துக்குப் பெயிண்ட் வேற. டேங்க் இரும்பு வண்டி இரும்பைத் தொட்டாத்தானேம்மா முள்ளு சரியா நிக்கும்? எர்த் அரைகுறை. டேங்க் காலியானாலும் முள்ளு மேலயேதான் நிக்கும். இது அப்ப இருந்தே பொய்தான் காட்டியிருக்கும்."

கல்லாகிப்போன ஒரு ரப்பர்த் துண்டை வெளியே போட்டான். அம்மா வெட்டிக் கொடுத்த டியூப். கத்தரிக்கோல் போன வளைவுகூட அப்படியே இருந்தது. நான் மட்டைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா எலெக்ட்ரிக்கல் ஃபோர்மேன். எர்த் என்றால் என்ன என்று மில்லில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். குழந்தை போனதற்கப்புறம் அந்தக் காரை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். திறக்கவே இல்லை. தெரிந்துவிடும் என்றுதான் திறக்கவில்லையோ என்னவோ, இனி யாரைக் கேட்பது?

மாமா கொட்டகை வாசலில் கைத்தடியோடு நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்:

"மாமா, அன்னைக்கு நீங்க முள்ளைப் பார்த்தீங்கதானே?"

"பார்க்காம இருப்பனா கண்ணு? இதே எடத்துலதான் நின்னுச்சு." அவர் குரலில் கோபமே இல்லை. "முக்கால் டேங்க் இருக்குதேன்னு பல்லடத்துல நிக்காம வந்தேன். வண்டி நின்னப்பவும் முள்ளு அங்கயேதான். பெட்ரோல் இருக்குது, வேற கோளாறுன்னு நெனச்சுப் பிளக்கைக் கழட்டுனேன், தொடச்சேன், மறுக்கா மாட்டுனேன். நேரமெல்லாம் அதுலயே போச்சு. பின்னால அவ கத்தறா. கடைசில அந்த லாரிக்காரர் வந்து டேங்கைத் தட்டுனாரு. வெறும் கொடத்தைத் தட்டுன மாதிரி சத்தம் வந்துச்சு."

"ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"உங்கப்பா மொகத்தை நீ பார்க்கல. அத்தனை நாள் அந்தக் காருக்கடியில கெடந்தவரு அவரு. அவர்கிட்டப் போயி நீங்க குடுத்த வண்டிதான் இப்படிப் பண்ணுச்சுன்னு எந்த வாயால சொல்றது? அவளும் கேட்டுட்டுத்தான் படுத்திருந்தா." கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "அண்ணன் மேல வெறுப்பு வந்துபோட்டா அப்புறம் அவளுக்குப் பொறந்த ஊடு ஏது? கொழந்தையும் இல்ல. எம்மேல வெறுப்புன்னா பரவால்ல, எப்படியும் இங்கதானே இருக்கப்போறான்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன் அம்மணி. ஆகவே இல்ல."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அத்தைக்குச் சொல்ல இனி வழியில்லை. அப்பாவுக்கும் இல்லை. தெரிந்து நான் என்ன செய்ய? தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. மகன் பேட்டரியைக் கழற்றினான். முள் காலிக்கு விழுந்தது.

கிளம்பும்போது மாமா கைத்தடியை ஊன்றி ஊன்றிக் கார் வரைக்கும் வந்தார். ஜன்னலில் குனிந்தார்.

"பெட்ரோல் இருக்குதுங்களா? பல்லடத்துல போட்டுக்குங்க."

"காலைலதான் ஃபுல் பண்ணுனேனுங்க தாத்தா" என்றான் மகன்.

பல்லடம் பங்க் தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். மகன் என்னைப் பார்த்தான், நிறுத்தினான். பங்க்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கொஞ்சந்தாங்க புடிக்கும், டேங்க் ஃபுல்லாத்தான் இருக்குது" என்றார்.

"புடிக்கற வரைக்கும் போடுங்க" என்றேன்.